மார்க் வீணாகாதிருக்க ஒரு விண்ணப்பம்

தமிழ்நாடு பொறியியல் மாணாக்கர் சேர்க்கைக் குழுவின் மேன்மை தங்கிய அங்கத்தினர்கள் சமுகத்திற்கு, மாயவரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

ஐயன்மீர்,

அரசாங்க ஸ்தாபனம் ஒன்றுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுத உட்காருகிறவன், அங்கே லஞ்சம் தலைவிரித்தாடுகிறது என்றோ, சிபாரிசு இல்லாமல் ஒரு காகிதமும் நகராது என்றோ ஆரம்பிப்பதுதான் நம் நாட்டுச் சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை அநுசரிக்க எனக்கும் பூரண சம்மதமே. ஆனால் தாங்கள் அதற்கு இடம் வைக்கவில்லை. கணிதத்தில் வாங்கியதை நூறுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்குமாகக் கணக்கிட்டு, மூன்றையும் கூட்டி இருநூறுக்கு ஒரு தொகையைக் கண்டு, அந்தத் தொகையின் கிரமப்படி சுமார் இரண்டு லட்சம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிடுகிறீர்கள். இருவர் சமமாக நின்றால் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறீர்கள், இயற்பியலைப் பார்க்கிறீர்கள், இன்னும் ஒன்றிரண்டைப் பார்த்துப் பிறந்த தேதியையும் பார்த்து மூத்தவருக்கு வழிவிடுகிறீர்கள், அதிலும் விவகாரம் தீராவிட்டால், முன்கூட்டியே கணினி வழங்கியிருக்கும் பத்து இலக்க ரேண்டம் நம்பரில் யாருடையது பெரியது என்று பார்த்துத் தீர்த்தே விடுகிறீர்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு மந்திரியின் மைத்துனர் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைவார்? ஆகையால் தங்கள்மீது என் முதல் புகார் இதுதான்: பிள்ளைக்கு நினைத்தது கிடைக்காமற்போனால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஊரார் திண்டாடும்படி செய்துவிட்டீர்கள்.

நான் வாத்தியார் வேலையில் புதிதாகச் சேர்ந்த காலத்தில் இந்தத் திண்டாட்டம் இருந்ததில்லை. அப்போது தொழிற்கல்லூரிகளுக்கு நேர்முகத் தேர்வு என்ற ஒன்று இருந்தது. பையன் அறைக்குள் போவதற்கு முன்பே அவனுடைய தகப்பனார் இன்னார் என்ற சமாசாரம் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என்று ஜனங்கள் சொல்வார்கள். 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் எடுத்துவிட்டது. இடையே 1997-இல் ஒற்றைச்சாளர முறை ஏற்பட்டு, தகப்பனும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் கிண்டியில் இறங்கி, கலந்தாய்வு நடக்கும் பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து, திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, தங்கள் முறை வந்ததும் சில நிமிஷங்களுக்குள் ஒரு கல்லூரியையும் ஒரு பாடத்தையும் சொல்லிவிட்டு வெளியே வரவேண்டியிருந்தது. அந்தச் சில நிமிஷங்களில் எத்தனை பேர் கலந்து ஆலோசித்துவிட முடியும்? 2018 முதல் தாங்கள் இதையும் இணையவழிக்கு மாற்றி, வீட்டிலிருந்தபடியே விருப்பப் பட்டியலை நிரப்பிக்கொள்ளலாம், ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு மூன்று நாள் அவகாசம் உண்டு, எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், வரம்பே இல்லை என்று தாராளமாக அநுமதித்துவிட்டீர்கள். ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மூன்று நாள் அவகாசமும் வரம்பில்லாத காகிதமும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

என் தமையனார் பேத்தி இவ்வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், இருநூறுக்குக் கட் ஆஃப் 193.5. இதைக் கேட்டவர்கள் முதலில் முகம் மலர்ந்து, அடுத்த க்ஷணமே, "இன்னும் ஒரு நாலு மார்க் வந்திருந்தா கிண்டியிலே கம்ப்யூட்டரே கிடைச்சிருக்கும்" என்று துக்கம் விசாரிக்கிற பாவனையில் தலையை ஆட்டுகிறார்கள். முழு இருநூறு பெற்றவர்களே சில ஆண்டுகளில் நூறு பேரைத் தாண்டிவிடுகிற நாட்டில், ஆறரை மார்க் குறைந்த பெண் ஏதோ கைநழுவவிட்டவள்தான் என்று அவளே நம்பத் தொடங்கியிருக்கிறாள்.

பட்டியல் தயாராகும் விதத்தை, கணினிக்கு அப்பால் இருக்கும் தங்களுக்குத் தெரியப்படுத்துவது என் கடமை. மருந்துக் கடை வைத்திருக்கும் அவளுடைய தகப்பன் ஒரு நீண்ட நோட்டு வாங்கி, கல்லூரிக் குறியீட்டு எண், பாடப்பிரிவு, போன வருஷத்துக் கட் ஆஃப் என்று கோடு போட்டு, கிடைக்காதவற்றைச் சிவப்பு மையாலும், கிடைக்கக்கூடியவற்றை நீலத்தாலும், கட்டாயம் கிடைப்பவற்றைப் பச்சையாலும் எழுதியிருக்கிறான். சோழிங்கநல்லூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவளுடைய தாய்மாமன் இதையே எக்செல் தாளில் ஏற்றி, தினம் ஒரு புதிய பதிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். எதிர்வீட்டுக்காரர் யூடியூபில் ஒரு கல்வி ஆலோசகர் சொன்னதைக் கேட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நோட்டைப் பிரிக்கச் சொல்கிறார். இவற்றுக்கெல்லாம் நடுவே, தங்கள் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே, "சீட் முடியப்போகிறது, முன்பணம் கட்டிவிடுங்கள்" என்று அங்கிருந்தும் இங்கிருந்தும் தொலைபேசி மணி அடிக்கிறது. மாணவியின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம் என்ற யோசனையும் ஒருமுறை எழுந்தது. காபி வந்துவிட்டதால் அது தடைப்பட்டது.

"சித்தப்பா, சிவப்புல இருக்கறதையெல்லாம் தூக்கிடலாம்னு பார்க்கறேன். கிடைக்காததை மேல எழுதினா சாய்ஸ் வேஸ்ட்டுங்கறாங்க" என்று தமையனார் மகன் என்னிடம் நோட்டை நீட்டினான்.

ஐயன்மீர், தாங்கள் வகுத்திருக்கும் விதி எத்தனை சுலபமானது என்பதை இந்த இடத்தில் நான் வியக்காமல் இருக்க முடியவில்லை. 69 சதவீத இடஒதுக்கீட்டையும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் அந்தந்த இடத்தில் அநுசரித்துக்கொண்டு, தரவரிசையில் முன்நிற்பவரின் பட்டியலை எடுத்து, முதலாவதாக எழுதியது காலியாக இருந்தால் அதைக் கொடுத்துவிடுவது; இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது; அவருக்குக் கொடுத்து முடித்ததும் அடுத்தவர். கதை இவ்வளவுதான். கிடைக்காத ஒன்றை மேலே எழுதியவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணினி அதைத் தாண்டிக் கீழே வந்துவிடும். தகுதிக்கு மிஞ்சி ஆசைப்பட்டான் என்று அதற்கு எவர்மேலும் கோபம் வருவதில்லை. நஷ்டமெல்லாம் இரண்டே வகையில்தான்: எட்டே எட்டு கல்லூரிகளை எழுதிவிட்டு, எட்டும் கைவிட்டபின் தன்னைவிடக் குறைந்த ரேங்க்காரன் இடம் பெறுவதைப் பார்த்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது ஒன்று, தனக்கு வேண்டியதற்கு மேலே வேண்டாத ஒன்றை எழுதிவைத்து, அந்த வேண்டாததே கிடைத்துவிடுவது மற்றொன்று. ஆகவே யதார்த்தமான பட்டியல் என்பது உச்சியில் எவ்வளவு பேராசையும், அடியில் எவ்வளவு பணிவும் கொண்டிருக்கலாம். நடுவில் உண்மை மட்டும் இருந்தால் போதும். இதை நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. இத்தனை நேர்மையான விதி ஒரு சர்க்கார் காரியாலயத்தில் இருக்கும் என்பதை நம்பும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. இதற்குள் ஏதோ சூட்சுமம் இருந்தே தீரவேண்டும் என்று அந்தச் சூட்சுமத்தைத் தேடிக் காசு கொடுத்து ஆலோசனை கேட்கப் போகிறார்கள்.

இனி, அந்தப் போன வருஷத்துக் கட் ஆஃப். தாங்கள் பெரிய மனதுடன், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்த வகுப்பினருக்கு எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்பதைப் பிரசுரித்திருக்கிறீர்கள். அதைக்கொண்டு இவ்வருஷப் பட்டியலை எழுதுவது, போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வருஷத்துக்கு முகூர்த்தம் வைப்பதுதான் என்றாலும், வேறு பஞ்சாங்கம் கையில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு வருஷம் வினாத்தாள் எளிதாக வந்தால் மதிப்பெண்கள் எல்லாம் மேலே ஏறுகின்றன. கடினமாக வந்தால் இறங்குகின்றன. கல்லூரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது போகட்டும். கட் ஆஃப் என்பது எதைக் காட்டுகிறது? சென்ற வருஷம் அந்த இடத்தை எத்தனை பேர், எத்தனை மார்க்குடன் விரும்பினார்கள் என்பதை மட்டுமே காட்டுகிறது. அவர்கள் ஏன் விரும்பினார்கள் என்றால், அதற்கு முந்திய வருஷம் கட் ஆஃப் உயரமாக இருந்தது. அதற்கு முந்தியவர்கள் ஏன் விரும்பினார்கள் என்றாலும் அதே பதில்தான். இப்படியாக ஒரு வகுப்பறையின் வாசனையையும் அறியாமலே, ஒருவர் நம்பியதை மற்றொருவர் நம்பி, அவர் நம்பியதைப் பிறகொருவர் நம்பி, தசமஸ்தான இலக்கங்களுடன் ஒரு சாஸ்திரமே உற்பத்தியாகியிருக்கிறது.

அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் பெயர்களை ஒரு மத்தியானம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்கள் இருந்தன, குறியீட்டு எண்கள் இருந்தன, இடங்களின் எண்ணிக்கை இருந்தது. பாடப்பிரிவுகளின் நாமாவளியோ மெய்சிலிர்க்கச் செய்தது: கம்ப்யூட்டர் சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் டிசைன், சைபர் செக்யூரிட்டி, ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ். ஒரு பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்று முன்பு ஒரு வரம்பு இருந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2024-25 முதல் அந்த வரம்பையும் நீக்கியதால், சிவில், மெக்கானிக்கல் அறைகளைக் காலிசெய்து கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் காரியம் நிர்விக்கினமாக நடக்கிறது. இவ்வளவு பேருக்கும் பாடம் சொல்ல ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கிறவன் நாஸ்திகன். ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராக எழுந்தருளியிருந்த அற்புதம் 2024-இல் வெளியாகிப் பத்திரிகைகளிலெல்லாம் வந்ததே! பல தேகங்களை எடுத்து ஒரே நேரத்தில் பல ஊர்களில் தரிசனம் கொடுத்த சித்தபுருஷர்களைப்பற்றி நான் புராணங்களில்தான் படித்திருந்தேன். அவர்கள் அங்கீகார ஆய்வு நடக்கும் சீசனில் நம் மாவட்டங்களிலேயே சஞ்சரிக்கிறார்கள் என்பது இப்போதுதான் பிரத்தியட்சமாயிற்று.

இந்த நிலையில் எங்கள் பெண் ஒரு விபரீதமான காரியத்தைச் செய்தாள். அவளுக்கு ஜியோ இன்ஃபர்மாட்டிக்ஸ் என்னும் நிலஅளவைப் பாடம் படிக்க வேண்டுமாம், அதுவும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலேயே.

காரணம் இல்லாமல் வந்த ஆசை அல்ல. எங்கள் குடும்பத்துக்குக் குத்தாலத்துக்குக் கிழக்கே கொஞ்சம் நிலம் உண்டு. அதன் ஓரத்தில் ஓடிய வாய்க்கால் யாருடையது என்று பங்காளிகளுக்குள் வெகுகாலமாகத் தகராறு. சென்ற கோடைவிடுமுறையில் அவள் சர்வேயர் கொடுத்த எஃப்.எம்.பி. என்ற வயல் அளவைப் படத்தைக் கைபேசியில் போட்டோ எடுத்து, அதை மங்கலாக்கி, செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து, மூலைக்கல்லை மூலைக்கல்லோடு பொருத்தி, வாய்க்கால் இப்போது இருக்கும் இடம் படத்தில் இருக்கும் இடம் அல்ல, அது மெள்ள மெள்ளத் தெற்கே நகர்ந்து எங்கள் வயலுக்குள்ளேயே வந்துவிட்டது என்று காட்டினாள். பங்காளிகள் இரு தரப்பாரும் வாயடைத்துப்போனார்கள். (தகராறு தீரவில்லை, அது வேறு விஷயம்.) தாங்கள் ஒன்றாம் எண் கொடுத்திருக்கும் கிண்டிக் கல்லூரியின் பூர்வோத்தரம் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனைப்படி சென்னைக் கோட்டையில் ஆரம்பமானபோது அது நிலஅளவைப் பள்ளிக்கூடமாகவே பிறந்தது. எட்டு வருஷம் கழித்து, 1802-இல், லாம்ப்டன் என்பவர் இந்திய தேசம் முழுவதையும் அளக்கப்போகும் மகத்தான காரியத்துக்கு முதல் அளவுக்கோட்டைப் போட்டது, கல்லூரி இப்போது இருக்கும் கிண்டியிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் பரங்கிமலையருகேதான். நிலத்தை அளக்கும் வித்தையைக் கற்க ஆசைப்படும் ஒரு பெண்ணுக்கு இந்தப் பூமியில் இதைவிடப் பொருத்தமான விலாசம் ஏது?

ஆனால் வீட்டில் எழுந்த கூக்குரலைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். "193-ஐ வச்சுக்கிட்டு ஜியோவா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அந்தப் பாடம் போன வருஷம் இதைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கே கிடைத்திருக்கிறது. ஆகவே மீதமுள்ள மார்க் அத்தனையும் வீணாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. அந்த மீதியைக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்கமாட்டார் என்ற விசனம் அவர் முகத்தில் தெரிந்தது. "மச்சான், ப்ராஞ்சு கம்ப்யூட்டரா இருக்கணும், காலேஜ் எதுவானாலும் பரவாயில்லை" என்று சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு குரல். "ப்ராஞ்சு எதுவானாலும் காலேஜ் கிண்டியா இருக்கணும்" என்று கும்பகோணத்திலிருந்து மற்றொரு குரல். இரண்டாவது குரல்காரர், பாடம் ஜியோ இன்ஃபர்மாட்டிக்ஸ் என்று தெரிந்ததும் முதல் குரலோடு சேர்ந்துகொண்டார்.

பெண் என்னிடம் வந்து, "சின்னத் தாத்தா, நான் இன்னும் பத்து மார்க் கம்மியா வாங்கியிருந்தா, சரி போ, இதையே எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பாங்க. ஜாஸ்தியா வாங்கினதுதான் தப்பாப் போச்சு" என்றாள்.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை, "நன்றாகப் படி, படித்தால் உனக்குப் பிடித்ததை நீ தேர்ந்தெடுக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி விரட்டிய நான் இதற்குப் பதில் சொல்லவில்லை. சாமானிய மார்க் வாங்கிய பிள்ளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. ஊர் அதைக் கவனிப்பதே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையின் மார்க்கோ ஊர்ச்சொத்து. அதை எங்கே முதலீடு செய்வது என்பதில் எல்லாருக்கும் பாத்தியதை உண்டு. கடைசியில் சமரசமாக, அவளுடைய விருப்பத்தையும் சேர்த்தாயிற்று என்று சொல்லிக்கொள்ளும்படி, ஜியோ இன்ஃபர்மாட்டிக்ஸை நாற்பத்தேழாவதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேலே, சிவப்பில் சிலவும் நீலத்தில் பலவும் பச்சையில் பத்துப் பன்னிரண்டுமாக, ஏறக்குறைய எல்லாம் கம்ப்யூட்டர். தங்கள் விதியை அறிந்தவன் என்ற முறையில் இதன் அர்த்தம் எனக்கு விளங்குகிறது: பச்சையில் உள்ளவற்றுள் ஒன்று நிச்சயம் கிடைத்துவிடுமாகையால், கணினி நாற்பத்தேழாவதைப் படிக்கப் போவதே இல்லை. இடம் கிடைத்தபின் "ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தால் மாறுவேன்" என்று சொல்லத் தாங்கள் வழி வைத்திருக்கிறீர்கள். அந்தச் சுற்றிலேயே கீழே எழுதியதற்கு இறங்கிவரத்தான் வழியில்லை. அவளுக்குத் தகுதியும் இருந்து, இடமும் காலியாக இருந்து, ஆசையும் இருந்து, மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காதபடி ஒரு நோட்டுப் புத்தகம் குறுக்கே நிற்கிறது.

ஆதலால் தங்கள் சமுகத்திற்கு என் பிரார்த்தனைகள் சில. விருப்பம் நிரப்பும் பக்கத்தின் தலைப்பில், கிடைக்காததை மேலே எழுதினால் நஷ்டமில்லை, வேண்டாததை மேலே எழுதினால் அதுவே கிடைக்கும் என்ற இரண்டு வரிகளைத் தெள்ளிய தமிழில், பெரிய எழுத்தில் போடவேண்டும். போன வருஷத்துக் கட் ஆஃப் இருக்கும் அதே கட்டத்துக்குப் பக்கத்தில், அங்கே பாடம் சொல்லும் ஆசிரியர்களின் பெயர்களையும், அவர்கள் வேறெங்கும் அதே நேரத்தில் காட்சியளிப்பதில்லை என்ற உறுதிமொழியையும், அண்ணா பல்கலைக்கழகம் தனியே வெளியிடும் தேர்ச்சி விகிதத்தையும் சேர்த்துப் போடவேண்டும்; மூன்றையும் மூன்று இடத்தில் தேடிப் பொருத்திப் பார்க்க மருந்துக்கடைக்காரனுக்கு நேரம் ஏது? இவற்றைச் செய்யச் செலவு ஆகும் என்றால், விண்ணப்பத்துக்கு வாங்கும் ஐந்நூறு ரூபாயோடு இன்னும் பத்து ரூபாய் கூட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆலோசகருக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகவே இருக்கும்.

தாங்கள் செய்யமுடியாத காரியமும் ஒன்று உண்டு. அதை இக்கடிதத்தைப் படிக்க நேரும் தகப்பன்மாருக்குச் சொல்லி முடிக்கிறேன். பட்டியலை லாக் செய்யும் கெடு நாளை மாலை ஐந்து மணி. கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் வந்துசேரும் கைபேசி தங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதை மகளிடம் கொடுத்துவிட்டு, தயவுசெய்து ஐந்து மணி வரைக்கும் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நேர்மையால் அவதிப்படும்
ஒரு வாத்தியார்,
மாயவரம்.